தவளைக்கு வெட்டிய மோட்டை

தண்ணீர் நிற்கக் கூடாது. என் உத்தியோகம் முழுவதும் அதுதான். மன்னார்த் தீவில் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஆஸ்பத்திரி மதிலோரம், சந்தைக்குள் என்று எங்கும் தண்ணீர் தேங்கும். சனங்கள் நகர சபைக்கு வருவார்கள். சபையிலிருந்து எனக்கு அழைப்பு வரும். பெக்கோவைக் கொண்டுபோய் வாய்க்கால் கீறி, தண்ணீரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு வருவேன். முன்னால் அகலக் கரண்டி, பின்னால் நீளக் கையில் வெட்டுக் கரண்டி. அந்த மஞ்சள் இயந்திரத்தின் மேல்தான் என் வாழ்நாளில் பெரும்பகுதி கழிந்தது.

போன மாதம் சபைக்குப் புதிய இயந்திரம் ஒன்று வந்தது. அதை ஓட்டப்போகும் இருவரும், பழைய ஆள் வந்து முதல் சாவியைப் போட வேண்டும் என்று என்னை வீட்டில் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். தேங்காய் உடைத்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது அவர்களில் ஒருவர் கேட்டார்.

"அண்ணை, உங்கடை சேர்விசிலை ஆகக் கஷ்டமான வேலை எது?"

போர் முடிந்த கையோடு இடிபாடு அள்ளியதைச் சொல்வேன், அல்லது புயல் வெள்ளத்தில் றோட்டை வெட்டி ஊரைக் காப்பாற்றியதைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள்.

"ஒரு தவளைக்கு மோட்டை வெட்டினது" என்றேன்.

சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு கோப்பைத் தேத்தண்ணி முடிவதற்குள் சொல்லக்கூடிய கதை அல்ல அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் இந்தத் தீவின் தாழ்வுபாட்டு ஊர்க்காரன். பேர் செபமாலை. கடல்தொழில் செய்கிற குடும்பம். சண்டைக் காலத்தில் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போய் முகாமில் இருந்தபோது, கண்மாய் தூர்வாரும் ஒரு கொந்தராத்துக்காரரிடம் மண் அள்ளப் போனேன். இயந்திரம் ஓட்டுபவர் காய்ச்சலில் விழுந்த ஒரு வாரம் என்னை ஏற்றி இருத்தினார்கள். பிறகு இறக்கவில்லை. ஊர் திரும்பியதும் சபையில் வேலை கிடைத்தது. என் படிப்பு அவ்வளவுதான்.

நகரத்தின் ஓரத்தில், உடைமரங்களும் பனைகளும் நின்ற ஒரு அரச காணி. அதில் ஒரு பகுதியைத் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்கு வீடு கட்டப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் அதன் மேட்டுப் பக்கத்தில் தகரக் கொட்டில் போட்டுக் குடியிருந்தார்கள். தாழ்ந்த பக்கத்தில் ஒரு மோட்டை. மழைக்கு மட்டும் தண்ணீர் தேங்கி, தை மாதத்தோடு வற்றிப்போகும் பள்ளங்களை நாங்கள் மோட்டை என்போம். அதை நிரப்பினால்தான் எல்லோருக்கும் வீட்டுநிலம் சரிவரும். நிரப்பும் வேலை எனக்கு வந்தது.

டிப்பரில் வந்த முதல் லோட் மண்ணைத் தள்ளத் தொடங்கிய காலை. முதல்நாள்தான் வருடத்தின் முதல் பெருமழை பெய்திருந்தது. வானம் இன்னும் மூடிக் கிடந்தது. மோட்டார் சைக்கிளில் ஒரு பெண் வந்து இறங்கினார். தலையை மூடிய சால்வை, முழங்கால்வரை சேறு. அவர் இயந்திரத்துக்கு முன்னால் வந்து நிற்கவில்லை, கத்தவும் இல்லை. என் கண்ணில் படும் இடத்தில் ஒதுங்கி நின்று, நான் பார்க்கும்வரை காத்திருந்தார்.

"அண்ணன், இதக் கொஞ்சம் நிப்பாட்டுங்க."

"என்ன மிஸ், காணிப் பிரச்சினையோ?"

"இல்ல. இறங்கி வாங்க. ஒண்டு காட்டணும்."

நிறுத்தினேன். இயந்திரத்தின் இரைச்சல் அடங்கியதும் மோட்டையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. வெறும் போத்தலின் வாயில் ஊதினால் வருமே, அப்படி. ஒன்று ஊத, தள்ளி இன்னொன்று ஊதியது. நான் இந்தத் தீவில் பிறந்தவன். மழை நேரங்களில் இந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். அது என்ன என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மிஸ் கரையோர மணலில் முழங்காலிட்டு, இரண்டு கைகளாலும் மெதுவாக விலக்கினார். உள்ளே கையை விட்டு எடுத்தது ஒரு தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய், அளவு இருந்தது. மஞ்சளும் மண்ணிறமும் கலந்து தெளித்த உடம்பு. கழுத்து என்று ஒன்றும் இல்லை. குட்டைக் கால்கள். கையில் எடுத்ததும் மூச்சை இழுத்து உப்பிக்கொண்டது. வலையில் அகப்பட்ட பேத்தை மீன் இப்படித்தான் செய்யும்.

"இது பேத்தையெல்லோ!" என்றேன்.

"தவளை அண்ணன். இப்பப் பாருங்க."

மணலில் விட்டார். அது எங்களைப் பார்த்தபடியே அசையாமல் இருந்தது போலத்தான் இருந்தது. ஆனால் தாழ்ந்துகொண்டே போனது. பின்னங்கால்கள் இரண்டும் மாறி மாறி மணலைப் பக்கமாகத் தள்ள, உடம்பு மெல்லத் திரும்பித் திரும்பிப் பின்பக்கமாக உள்ளே இறங்கியது. முகம் மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. மேலே மணல் மூடியது. குழியும் இல்லை, குவியலும் இல்லை. மண் வெட்டிச் சம்பளம் வாங்குகிறவன் நான். எங்கே வெட்டினாலும் வெட்டிய மண்ணைக் கொட்ட ஒரு இடம் தேட வேண்டும். இந்தத் தேசிக்காய்க்கு அந்தக் கவலை இல்லை. குனிந்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். என்னையறியாமல், "எப்பிடியடா!" என்று சொல்லிவிட்டேன்.

மிஸ்ஸின் பெயர் றிஸ்வானா. வனவிலங்குக் கந்தோருக்குப் புதிதாக வந்திருந்த அதிகாரி. அன்று ஈர மணலில் குந்தியிருந்து எனக்கு விளக்கினார். வருடத்தில் பெரும்பகுதி இது மணலுக்குள்தான் கிடக்கும். கறையானும் எறும்பும் சாப்பாடு. நல்ல மழை பெய்தால் மட்டும் மேலே வரும். புதிய மழைத்தண்ணீரில் முட்டையிடும். முட்டை பொரித்து வரும் வாற்பேத்தைகள் சில வாரங்களில் கால் முளைத்துக் கரையேறி, மணலுக்குள் போய்விடும். இதற்குத் தேவை இரண்டே இரண்டு: சில வாரங்களுக்கு உப்பில்லாத தண்ணீர், வருடம் முழுவதும் மிதிபடாத மணல். ஒரு காலத்தில் தீவில் பல மோட்டைகளில் இருந்திருக்க வேண்டும். அவர் ஒவ்வொன்றாகத் தேடிப் போயிருக்கிறார். ஒன்றில் கடைத்தொகுதி, ஒன்றில் வாகனத் தரிப்பிடம், ஒன்றில் விடுதி. அவற்றில் பலவற்றை நிரப்பியவன் நான்தான். ஊருக்கு வேண்டிய வேலை, செய்தேன். ஆனால் அவர் பெயர் பெயராகச் சொல்லச் சொல்ல, நகரம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

"மற்ற இடங்களிலை இல்லையோ மிஸ்?"

"பெருநிலத்தில இதுட சொந்தக்காரத் தவளைகள் இரிக்கி. ஆனா நிறமும் சத்தமும் வேற. இது தனி இனமா எண்டு ஆராய்ச்சிக்காரங்க பாக்கிறாங்க. எனக்குத் தெரியா அண்ணன். தெரியுறதுக்கு முந்தி இது முடிஞ்சிரக் கூடாது."

'தெரியா' என்று அவர் சொன்னதை அன்று நான் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு பெரிய உத்தியோகத்தர் இப்படிச் சொல்கிறாரே என்று கொஞ்சம் ஏளனமாகக்கூட இருந்தது. பிறகுதான் அந்தச் சொல்லின் பெறுமதி தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து, அந்தக் காணியிலேயே கூட்டம் நடந்தது. சபைச் செயலாளர், கிராம சேவையாளர், மிஸ், குடியிருந்த குடும்பங்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். இயந்திரம் அங்கே நின்றதால் நானும் நின்றேன். மிஸ் தவளையைப் பற்றிச் சொல்லி முடித்ததும் ஒரு பெண் எழும்பினார். ராசாத்தி என்று பெயர். கைக்குழந்தையாகக் கடல் கடந்துபோய், முகாமிலேயே வளர்ந்து, கல்யாணம் கட்டி, கணவனோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் திரும்பி வந்தவர். பேச்சு முழுக்கத் தமிழ்நாட்டுப் பேச்சு.

"ஒரே ஒரு ரூம்புல வளந்து, அதே ரூம்புலயே ரெண்டு புள்ளையும் பெத்தேன். ஊருக்குப் போனா நிலம் இருக்கு, வீடு இருக்குன்னு சொல்லித்தான் வந்தோம். இப்ப தவளை இருக்கு, தள்ளி நில்லுன்னா எப்படிம்மா? தவளைக்கு இருக்குற நிலம் எங்களுக்கு இல்லையா?"

எல்லோரும் மிஸ்ஸைப் பார்த்தார்கள்.  எவ்வளவு சூடான கேள்வி கேட்டாலும் அவர் முதலில் அதை மனதுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்ப்பது போல நிற்பார். பிறகுதான் பேசுவார்.

"நீங்க சொல்றது சரி" என்றார்.

'ஆனால்' என்று அடுத்த சொல் வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை.

"வீடு கட்ட வேணாம் எண்டு நான் கேக்க மாட்டன். நானும் சின்ன வயசுல, சண்டைக் காலத்துல, இந்தத் தீவ விட்டுப் புத்தளத்துக்குப் போய், ஓலைக் கொட்டில்ல வளந்தவதான். எனக்கு இந்த ஒரு மழையத் தாங்க. குஞ்சுகள் கரையேறட்டும். பின்னால மிச்சம் இரிக்கிற அரச காணியில வேற மோட்டை ஒண்டு வெட்டப் பாக்கிறன். அடுத்த மழைக்கு முந்தி இந்தப் பள்ளத்த நிரப்பித் தருவம்."

"வெட்டுனா, தவளை அங்க போயிடுமா?"

"தெரியா."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார். ராசாத்தி மட்டும் சிரிக்கவில்லை. மிஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு மழை" என்றார் கடைசியில். "அதுக்கு மேல ஒரு நாள் பொறுக்க மாட்டேன்."

"எப்பிடியும் மழைக்குள்ளை நிரப்பினால் மண் இறுகாது" என்று செயலாளர் சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

வெகுநாள் கழித்து ராசாத்தி என்னிடம் சொன்னார்: "அந்த 'தெரியா'தான்ணே என்னை மடக்குச்சு. அதுவரைக்கும் எங்ககிட்ட வந்தவங்க எல்லாருமே எல்லாம் தெரியும்னுதான் சொன்னாங்க."

மாசியில் வேலை தொடங்கியது. பள்ளம் வெட்டுவது எனக்கு ஒரு வேலையா என்றுதான் நினைத்துப் போனேன். மன்னார்த் தீவின் மணலுக்குக் கீழே, மழையில் ஊறிய நல்ல தண்ணீர் மெல்லிய பாயைப் போல உப்புத் தண்ணீருக்கு மேலே கிடக்கிறது. கொஞ்சம் ஆழமாகப் போனால் பாய் கிழிந்து உப்பு மேலே வந்துவிடும். மிஸ் காட்டிய இடத்தில் சோதனைக் குழி ஒன்று வெட்டினேன். ஊறிய தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு."

தள்ளி இன்னொன்று வெட்டினேன். அதுவும் உப்பு. உடைமரத்தடியில், பனையடியில், வேலியோரத்தில் எல்லாம் வெட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு குழியிலும் அவர் இறங்குவார், தொட்டு நாக்கில் வைப்பார், துப்புவார், ஏறுவார். பின்னேரமானபோது உதடெல்லாம் வெளிறிப்போயிருந்தது.

"இனி என்ன செய்யிறது மிஸ்?"

"ஊத்துத் தண்ணிய நம்பேலாது. ஆழம் வெட்டாம, மழைத்தண்ணி மட்டும் நிக்கிற மாதிரிச் செய்யணும்."

"மணல்லை மழைத்தண்ணி நிக்காதே. குடிச்சிடும்."

"அப்ப என்ன போட்டா நிக்கும்?"

"களிமண் போட்டால் நிக்கும். ஆனா தீவிலை களி எங்கை கிடக்கு? பெரியமடுப் பக்கம் குளம் திருத்தினவை. அந்தக் களி கரையிலை கொட்டிக் கிடக்கு."

அடுத்த நாளே மிஸ் செயலாளரிடம் பேசி டிப்பரை ஒழுங்குபடுத்தி, பாலம் கடந்து பெரியமடுவுக்கு என்னோடு வந்தார். களி கொட்டிக் கிடந்தது முருகேசு என்ற கமக்காரரின் வயலோரம். தவளைக்கு என்றதும் அவர் நம்பவில்லை. மிஸ் கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டினார். முருகேசு அதை வாங்கி, கண்ணுக்குக் கிட்டவும் தூரவும் பிடித்துப் பார்த்தார்.

"இந்த மூஞ்சிக்கோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் வயலோரத்தின் அடுத்த பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். "அங்கை கிடக்கிறதிலை மணல் கலந்திருக்கு. இதை அள்ளுங்கோ. இதுதான் பிடிக்கும்."

மோட்டையின் வடிவத்தில் மிஸ் விட்டுக்கொடுக்கவேயில்லை. நான் பழக்கத்தில் கரையைச் செங்குத்தாக இறக்கினேன். மறித்தார்.

"வாளி மாதிரி வேணாம் அண்ணன். சாப்பாட்டுப் பிளேட் மாதிரி வேணும். கரையேறுற குஞ்சு ஒரு பயறளவு. அது ஏறுற சரிவு வேணும்."

பெக்கோக் கரண்டியால் பிளேட் வனைவது லேசான காரியமல்ல. கரண்டியின் பல் மண்ணில் பதியாமல், அதன் முதுகால் தடவித் தடவி இழுக்க வேண்டும். ஒரு பக்கம் சரிவந்தால் மறுபக்கம் மேடாகும். மிஸ் கரையில் குப்புறப் படுத்து, கண்ணை மண்மட்டத்தில் வைத்துச் சரிவைப் பார்ப்பார். "பாப்பம், இன்னும் கொஞ்சம்" என்பார். நல்லது என்றோ சரியில்லை என்றோ சொல்ல மாட்டார். 'பாப்பம்' மட்டும்தான்.

வடிவம் வந்ததும் களியைப் பரப்பி, பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து நனைத்தோம். இயந்திரத்தை மேலே விட்டால் சில்லு களியை மணலுக்குள் அமுக்கிவிடும். காலால்தான் மிதிக்க வேண்டும். மிஸ், நான், சபைத் தொழிலாளர் இருவர் நால்வருமாக இறங்கினோம். வழுக்கி விழுவதும் எழும்புவதுமாக அரைநாள் போனது. தகரக் கொட்டில் பக்கமிருந்து ராசாத்தி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இறங்கி வந்தார்.

"இப்படிக் கோழி கிண்டுற மாதிரி மிதிச்சா, அடுத்த மழைக்கும் எனக்கு வீடு வராது. தள்ளுங்க."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு களியில் இறங்கினார். தமிழ்நாட்டில் பல வருடங்கள் செங்கல் சூளையில் மண் மிதித்தவராம். குதிகாலை ஊன்றி, மற்றக் காலின் குதியை அதற்கு ஒட்டி, ஓரத்திலிருந்து வரிசை வரிசையாக வந்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "என்ன பாக்குறீங்க? பின்னாடியே வாங்க" என்றார். மிஸ் முதலில் போய் அவருக்குப் பின்னால் நின்றார். கொட்டில்களிலிருந்து இன்னும் சில பெண்கள் வந்தார்கள். களி காலைப் பிடித்து உறிஞ்சும் சத்தம் நிற்கும்வரை மிதிக்க வேண்டுமாம். அந்தச் சத்தம் நின்றபோது வெயில் சாய்ந்திருந்தது. களி வெடிக்காமலிருக்க மேலே ஒரு பிடி மணல் தூவி மூடினோம்.

ராசாத்தி எங்களுக்கு உதவ வந்தாரா, தன் வீட்டை விரைவுபடுத்த வந்தாரா என்று நான் அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று அவர் சொல்லியிருப்பார்.

ஆடியில் பழைய மோட்டையை நிரப்பும் முறை வந்தது. அதைச் சுற்றிய மணலுக்குள் தவளைகள் கிடந்தன. மேலே மண் கொட்டினால் அதோடு முடிந்தது. அவற்றை எடுத்துப் புதிய இடத்து மணலில் விட வேண்டும். எங்கே கிடக்கின்றன என்று வெளியே எந்த அடையாளமும் இல்லை. கையால் கிண்டுவதென்றால் அந்தக் காணி முழுவதையும் கிண்ட முடியாது.

"உங்கட கரண்டியால எவ்வளவு மெல்லிசாச் சுரண்டேலும்?" என்று மிஸ் கேட்டார்.

"பெருவிரல் மொத்தத்துக்குச் சுரண்டலாம்."

"அப்ப சுரண்டுங்க. நான் முன்னால நடக்கிறன்."

 வேலை செய்யும் கரண்டிக்கு முன்னால் ஆள் நிற்கக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் வேறு வழி ஒன்றும் எனக்கும் தெரியவில்லை. இரண்டுபேருமாக இருந்து சைகைகளைப் பேசி முடிவு செய்தோம். விரித்த கை என்றால் மெதுவாக. மூடிய கை என்றால் அந்த இடத்திலேயே நிறுத்து. வாயால் எதுவும் சொல்வதில்லை, இரைச்சலில் கேட்காது. என் கண் கரண்டியில் இருக்கக் கூடாது, அவர் கையில் மட்டும் இருக்க வேண்டும்.

அந்த வேலை ஒரு வாரம் நடந்தது. இயந்திரத்தின் பக்கக் கால்களை ஊன்றி, கரண்டியை நீட்டி, பெருவிரல் மொத்தத்துக்கு மணலை என் பக்கம் இழுப்பேன். கரண்டியின் வாய்க்கு ஒரு முழம் முன்னால் மிஸ் குனிந்தபடி பின்பக்கமாக நடப்பார். மணல் தோல் உரிவது போல உரிந்து வரும். ஈரமாக ஒரு திட்டுத் தெரிந்தால் கை மூடும். நிறுத்துவேன். அவர் குந்தியிருந்து, விரலால் விலக்கி, உப்பிய தவளையை எடுத்து, ஈர மணல் போட்ட தாச்சியில் வைத்து, நனைத்த சாக்கால் மூடுவார். தொப்பியும் சால்வையும் வியர்வையில் ஊறிக் கிடக்கும். தாச்சியைக் கொண்டுபோய்ப் புதிய மோட்டைக் கரையில் விட்டு, அது மணலுக்குள் போகும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். ஒவ்வொன்றுக்கும் அப்படித்தான். அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. நானும் இறங்கிப் போய்ப் பார்த்தேன்.

ஒருநாள் கரண்டியின் பல்லுக்கு நேர்கீழே ஏதோ அசைந்திருக்கிறது. கையை மூடிக் காட்டிய அதே கணம் மற்றக் கையை அதற்குள் விட்டுவிட்டார். நிறுத்தினேன். இயந்திரம் ஒருதரம் குலுங்கி நின்றது. இரும்புப் பல்லுக்கும் அவர் மணிக்கட்டுக்கும் இடையில் ஒரு விரல் போகும் அளவுதான் இடைவெளி.   அவர் கையை இழுக்கவில்லை. ஆறுதலாக மணலை விலக்கி, உள்ளேயிருந்ததை எடுத்து, தாச்சியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க நிப்பாட்டுவீங்க எண்டு தெரியும் அண்ணன்" என்றார்.

அவர் வாயிலிருந்து 'தெரியும்' என்று நான் கேட்டது அரிது. இயந்திரத்தை அணைத்துவிட்டு, பனையடியில் போய்க் கொஞ்ச நேரம் இருந்தேன். அன்று அதற்குமேல் வேலை செய்யவில்லை.

பழைய மோட்டை நிரம்பியது. ஆவணியில் மடுத் திருவிழாவுக்குப் போனேன். வழக்கமாகப் பிள்ளைகளின் படிப்புக்கும் மனைவியின் சுகத்துக்கும் நேர்ந்துகொள்வேன். அந்த முறை மாதாவின் முன்னால் நின்று, "தாயே, தண்ணி நிக்கவேணும்" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற மனைவி திரும்பிப் பார்த்தார்.

ஐப்பசியில் முதல் மழை கொட்டியது. விடிந்ததும் ஓடினேன். மிஸ் எனக்கு முன்பே வந்து நின்றார். மோட்டை நிறைந்து கிடந்தது. மறுநாளும் நின்றது. அதற்கு மறுநாளும் நின்றது. களி பிடித்துவிட்டது. ஆனால் ஒரு சத்தமும் இல்லை. வேறு வகைத் தவளைகள் சில வந்து கத்திவிட்டுப் போயின. நாங்கள் காத்திருந்தது வரவில்லை.

வந்தது சுகாதாரப் பரிசோதகர். டெங்குக் காலம். நுளம்பு, அதாவது கொசு, முட்டையிடும்படி ஊருக்குள் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று யாரோ முறையிட்டிருந்தார்கள். நல்ல மனிதர். போன வருடம்தான் அவருடைய பிரிவில் டெங்குவில் ஒரு பிள்ளை இறந்துபோயிருந்தது.

"கப்பி மீன் விடுவம் மிஸ். நுளம்புக் குடம்பியை, அந்தப் புழுவை, அது தின்னும்."

"வாற்பேத்தையும் தின்னும்."

"வாற்பேத்தை எங்கை? இதிலை ஒண்டும் இல்லையே."

"வரலாம்."

"வருமோ?"

மிஸ் என்னை ஒருமுறை பார்த்தார். "தெரியா" என்றார்.

பரிசோதகர் யோசித்தார். "அடுத்த கிழமை வருவன். குடம்பி கண்டால் தண்ணியை வெட்டிவிடத்தான் வேணும். என்னாலை வேறை ஒண்டும் செய்யேலாது மிஸ்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் பெக்கோவோடை ஆயத்தமா இருங்கோ" என்றார்.

அந்த நாட்களில் காலையில் மிஸ்ஸும் நானும் குடம்பி இருந்தால் எடுத்துவிட, நுளம்புவலைத் துண்டால் தண்ணீரின் மேற்பரப்பை வடித்தோம்.  தோற்றுப்போனால் என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியாது. பழைய மோட்டை மண்ணுக்கடியில். மணலிலிருந்து எடுத்த தவளைகள் உயிரோடு இருக்கின்றனவா என்பதுகூடத் தெரியாது. மிஸ்ஸின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஆனாலும் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வலையின் மறுமுனையைப் பிடிப்பார். வெற்றி நிச்சயம் என்றால் உழைக்கப் பலர் இருக்கிறார்கள். நிச்சயமில்லாத ஒன்றுக்கு ஒரு நாள்கூடப் பிந்தாமல் வந்த ஆளை நான் என் சேர்விசில் வேறு கண்டதில்லை.

இரண்டாவது மழை ஒரு மத்தியானம் தொடங்கியது. பின்னேரம் கொஞ்சம் விட்டிருந்தபோது ராசாத்தி தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணே, உங்க ஆளுங்க வந்துட்டாங்க. காது கிழியுது. அம்மாவையும் கூட்டிட்டு ஓடி வாங்க."

மிஸ்ஸுக்குச் சொல்லிவிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஏற்கனவே அங்கே. மோட்டைத் தண்ணீரில் தவளைகள் பந்துகள் போல மிதந்தன. ஒவ்வொன்றும் தொண்டையை ஊதி ஊதிச் சத்தம் வைத்தது. கரை மணலில் இன்னும் வந்துகொண்டிருந்தன. மணல் மெதுவாகக் குமிழும், பிளக்கும், உள்ளிருந்து அந்தக் கழுத்தில்லாத முகம் தெரியும். மிஸ் ஈர மணலில் அப்படியே இருந்துவிட்டார். கன்னத்தில் வடிந்தது மழையா கண்ணீரா என்று நான் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கும் அதே நிலைதான்.

ராசாத்தி பிளேன்டீ கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார்.

"எங்களுக்கு இன்னும் சுவரே எழும்பல. இதுங்க குடிபூந்துருச்சு பாத்தீங்களா!"

மிஸ் சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். ராசாத்தியும் பக்கத்தில் இருந்து அவரோடு சேர்ந்து சிரித்தார்.

பரிசோதகர் சொன்னபடி வந்தார். நீளப்பிடி அகப்பையால் அங்கங்கே அள்ளிப் பார்த்தார். ஒவ்வொரு அகப்பையிலும் கறுப்புக் கறுப்பாக வாற்பேத்தைகள் துடித்தன. "குடம்பி இல்லை மிஸ்" என்றார். "ஆனா நான் கிழமைக்குக் கிழமை வருவன்." சொன்னபடி அந்த மழைக்காலம் முழுவதும் வந்தார்.

அடுத்த வருடம் வீடுகள் எழும்பின. ராசாத்தியின் வீடுதான் மோட்டைக்கு ஆகக் கிட்டடி. மிஸ்ஸுக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றம் வந்தது. போகும்போது எங்கள் வீட்டுக்கு வந்து, மனைவி பொரித்த மீனோடு சாப்பிட்டுவிட்டுப் போனார். அந்தத் தவளை தனி இனமா என்ற கேள்விக்கு இன்னும் முடிவு வரவில்லை என்று அண்மையில் பேசியபோது சொன்னார். நகரம் இப்போது அந்தப் பக்கமாகவும் வளர்ந்து, வீடுகளைத் தாண்டிப் போய்விட்டது. நாலு பக்கமும் மதில். நடுவில் அந்த ஒரு மோட்டையும் அதைச் சுற்றிக் கொஞ்ச மணலும். ஒரு பிழையான வருடம் போதும், எல்லாம் போய்விடும். அதை நான் மறைக்க விரும்பவில்லை.

நான் ஓய்வுபெற்ற வருடம், முதல் மழையன்று பின்னேரம், பார்க்க ஆசை வந்து தாழ்வுபாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. இருட்டத் தொடங்கியிருந்தது. அந்த வீடுகளுக்குப் போகும் ஒழுங்கை வாசலில் ஒருவர் கையை நீட்டி மறித்தார். மழையங்கி போட்ட, நான் முன்பின் கண்டிராத ஆள். பிறகு வந்து குடியேறியவராக இருக்க வேண்டும்.

"இறங்குங்கோ அண்ணை. இனி ஓடக் கூடாது. தள்ளிக்கொண்டுதான் போகவேணும்."

"ஏன் தம்பி?"

"தவளை கடக்குது. நிலத்தைப் பார்த்துக் காலை வையுங்கோ. உங்களுக்குத் தெரியாது, இந்தத் தவளை வேறை எங்கையும் இல்லை."

ஒழுங்கைக்குள் பார்த்தேன். வேலை முடிந்து வந்தவர்கள், கடைக்குப் போய் வந்தவர்கள், மீன்பெட்டி கட்டிய வியாபாரி ஒருவர், எல்லோரும் வண்டிகளை அணைத்துவிட்டு, டோர்ச் வெளிச்சத்தை நிலத்தில் பிடித்தபடி, மழையில் நனைந்து மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

 இறங்கினேன். இயந்திரத்தை அணைத்து, அவர்களுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு நடந்தேன்.